அரக்கு மீசை

எவர்சில்வர் அண்டா வாங்கப் பட்டணம் போன கமலாட்சி ஒரு ஜோடி முயலோடு வந்து இறங்கினாள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் நம்பமாட்டார்கள். போனது கமலாட்சி என்று சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள். அவள் சங்கதி அப்படி.

அவள் புருஷன் வேணுகோபால் நெய்து முடித்த புடவையைப் பட்டணத்துக் கடையில் சேர்த்துவிட்டு, வந்ததுதான் வந்தோம், மூர் மார்க்கெட்டில் பாத்திரமும் பார்த்துவிடலாம் என்று அவளைக் கூட்டிப்போயிருக்கிறான். புறா, கிளி, நாய்க்குட்டி என்று கூண்டு கூண்டாக அடுக்கி விற்கிற வரிசையில் கமலாட்சியின் கால் நின்றது, நின்றதுதான். வெள்ளை வெளேரென்று ஒரு முயல். பக்கத்திலேயே, உடம்பு வெள்ளையாகக் காது மட்டும் கறுத்து இன்னொன்று. இரண்டும் மூக்கை விடைத்து விடைத்து அவளையே பார்த்தன.

“ஏங்க, அண்டா எங்க ஓடிடப் போவுது?” என்றாள்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் ‘எங்க ஓடிடப் போவுது’ என்று அவள் ஆரம்பித்த எந்தப் பேச்சிலும் வேணுகோபால் ஜெயித்ததில்லை. முயல் விற்றவனும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். “ரெண்டுமே பொட்டைம்மா. சண்ட போடாது, குட்டி போடாது, உனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது.”

பஸ்ஸில் வழிநெடுகக் கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஊர் வருவதற்குள் பேரும் வைத்தாகிவிட்டது. வெள்ளைக்கு மொக்கு, புடவையில் போடுகிற மல்லிமொக்கு மாதிரி இருக்கிறதாம். காது கறுத்ததற்குக் கரை. “ஒடம்பு வெள்ள, ஓரம் மட்டும் கறுப்பு. கோர்வைக் கரை போட்ட மாதிரி இல்ல?” என்று புருஷனைக் கேட்டாள். நெசவுக்காரிக்குக் கண்ணில் பட்டதெல்லாம் புடவைதான்.

ஒரே மகளை ஆரணியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் தறிச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லாமல் இருந்தது. இப்போது பார்க்க வேண்டுமே! தறிக்குழியில் கால் தொங்கவிட்டு வேணுகோபால் மிதியை மிதித்து உடலுக்கு நூல் ஓட்டுகிற நாடாக்கட்டையைத் தள்ளுவான். கரைக்கு வேறு நிறம் என்பதால் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். அது கமலாட்சியின் வேலை. அவள் தொடையை ஒட்டி மொக்கு, முதுகை ஒட்டிக் கரை. நாடா போகும்போதெல்லாம் நான்கு காதும் இடமும் வலமும் திரும்பும். “நெசவு கத்துக்குதுங்க பாருங்க” என்பாள். “கத்துக்கினு கூலி வாங்கியாரட்டும்” என்பான் அவன். சொல்லிவிட்டு, அவள் பார்க்காதபோது மடியிலிருந்து ஒரு கொத்தமல்லித் தண்டை எடுத்துக் கரையின் வாயில் கொடுப்பான்.

மார்க்கெட்டில் முள்ளங்கித் தழை அவளுக்கென்றே ஒதுங்க ஆரம்பித்தது. அது போதாமல், பிள்ளையாருக்குச் சாத்தி மறுநாள் களைந்த அருகம்புல் மாலைகளைக் கோயில் பின்பக்கத்திலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். இது ஒருநாள் பஞ்சாட்சரத்தின் கண்ணில் பட்டுவிட்டது.

பஞ்சாட்சரம் எதிர்வீடு. வேணுகோபாலின் பெரியப்பா மகன்; கமலாட்சிக்கு மாமா முறை. நெற்றி நிறையப் பட்டை விபூதி, கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம், வாயில் எந்நேரமும் ஒரு சாத்திரம். பிள்ளையார் கோயில் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். தெருவில் யார் வீட்டுக்கு எத்தனை நாள் தீட்டு, யார் எப்போது தறியில் இறங்கலாம் என்று கேட்க அவரிடம்தான் போவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

“சாமிக்குச் சாத்துனத மொசலுக்குப் போடுறியா?” என்று அன்றைக்குக் கத்தினார்.

“களைஞ்சதுதான மாமா? குப்பையில போறது ஒரு ஜீவன் வயித்துல போவட்டுமே. பிள்ளையாருக்கு எலி எப்படியோ, எங்களுக்கு இதுங்க அப்படி” என்று கமலாட்சி சொல்லிவிட்டு மாலையோடு நடையைக் கட்டிவிட்டாள். பஞ்சாட்சரம் கோயில் கதவைப் படாரென்று இழுத்துச் சாத்தினார். அந்தக் கோபம் உள்ளேயே கிடந்தது.

அது வெடித்தது பாவு போட்ட அன்றைக்கு.

பாவு போடுகிற காலையில் தெரு தெருவாக இருக்காது. கிழக்கு வெளுக்கும்போதே மூங்கில் கால்களை நட்டு, வீடு வீடாகத் தாண்டிப் போகிற நீளத்துக்கு, புடவையின் நெடுக்கு இழையான பாவு நூலை இழுத்துக் கட்டிவிடுவார்கள். அரிசிக் கஞ்சியைத் தடவி, இழை இழையாக நீவி, வெயில் ஏறுவதற்கு முன்னால் உலர்த்தி எடுக்க வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே இறங்கிக் கைகொடுக்கும், சண்டைக்காரனும் வருவான். அன்றைக்குப் பஞ்சாட்சரத்தின் பாவு. அரக்குச் சிவப்பு. சாயத்தைப் பக்கத்திலேயே நின்று பார்த்துப் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இளவெயில் பட்டதும் தெரு முழுக்கக் குங்குமம் கொட்டினாற்போல இருந்தது. எல்லோருக்கும் உற்சாகம். பஞ்சாட்சரத்தின் மனைவி ஜெயம்மாள் பெரிய குண்டானில் சுக்குக் காப்பி போட்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். கமலாட்சி நூல் நீவிக்கொண்டே ஆரணிக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசல் கதவைச் சாத்த மறந்தது அப்போது அவளுக்குத் தெரியாது.

“தோ, மொசலு! மொசலு!”

மொக்கு பாவுக்கு அடியில் நின்றது. முன்னங்காலைத் தூக்கி எழும்பிற்று. நறுக், நறுக் என்று கத்தரி வைத்த மாதிரி கடித்தது. ஆட்கள் ஓடி வருவதற்குள் வாய்கொண்ட மட்டும் அரக்கு நூலைக் கவ்விக்கொண்டது. நூல் வாயின் இரண்டு பக்கமும் தொங்க, முறுக்கு மீசை வைத்த சிப்பாய் மாதிரி அது வீட்டைப் பார்க்க ஓடிற்றே, அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யார்? ஜெயம்மாளே கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பஞ்சாட்சரம் ஒருவர்தான் சிரிக்கவில்லை.

“கஞ்சி ருசிக்கு வந்துட்டுதுபா” என்றார்கள் எல்லோரும். நூலில் கஞ்சி இருக்கிறது, முயல் கடித்தது. நெசவுக்காரத் தெருவில் வேறு எப்படி யோசிப்பார்கள்?

பஞ்சாட்சரம் அறுந்த இழைகளைக் கையில் ஏந்தி எண்ணிப் பார்த்தார். ஓரமாயிருந்தால் முடிச்சுப் போட்டுவிடலாம். நட்ட நடு உடல். “நான் சைவமா பொறந்துட்டேன்டா வேணு. இல்லன்னா இன்னிக்கி உன் மொசலு எங்க வூட்டுக் கொழம்பு” என்றார். “இனிமே உன் வாசப்படிய நான் மிதிச்சேனா பாரு. உன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த பேசுனேனா பாரு.”

பாவைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டார். நெசவாளர் சொசைட்டியில் வேறு நூல் வாங்கிச் சாயம் ஏற்றும்வரை அவர் தறி சும்மா கிடந்தது. கமலாட்சி எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர் தூணைப் பார்த்து, “யாரோ வந்துருக்காங்க, போவச் சொல்லு” என்றார். கமலாட்சி அழுதுகொண்டே திரும்பினாள்.

அன்று மாலையே மொக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கொடுத்ததைத் தின்னவில்லை. தன் நெஞ்சுமயிரைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாக! தோல் தெரிகிற அளவுக்கு!

“எதிர்வூட்டு மாமா வயிறெரிஞ்சது பலிச்சிட்டுதுங்க” என்று கமலாட்சி விளக்கெண்ணெயை எடுத்து வந்து தடவப் போனாள். மொக்கு அவள் கையை உதறிவிட்டு ஓடிற்று. மறுநாள் விடிந்தபோது ஆளையே காணோம். கொல்லை, விறகு அடுக்கு, பக்கத்து வீட்டுப் பரண் என்று தேடாத இடமில்லை. கரை மட்டும் மூலையில் உட்கார்ந்து ஒன்றும் அறியாதவன் போல முள்ளங்கித் தழை மென்றுகொண்டிருந்தது.

“பூனை தூக்கிக்கினு போயிருக்கும்” என்றான் வேணுகோபால். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது. கமலாட்சி அன்று முழுவதும் சோறு தொடவில்லை. கரை நாடாவைத் தள்ள மறந்து மறந்து உட்கார்ந்தாள். தறியில் இருந்ததோ சாதாரணப் புடவை இல்லை. பக்கத்து ஊர் கூரத்துத் தணிகாசலத்தின் மகள் பெரியநாயகிக்கு முகூர்த்தப் புடவை. மாம்பழ மஞ்சள் உடல், கிளிப்பச்சைக் கரை. பாதிக்கு மேல் நெய்தாயிற்று. கல்யாணம் அடுத்த வாரம்.

அந்தத் தணிகாசலம்தான் மறுநாள் காலையில் சைக்கிளில் வந்து இறங்கினார். கேரியரில் ஒரு மூட்டை வேர்க்கடலை, ஹேண்டில்பாரில் முருங்கைக்கீரைக் கட்டு. நல்ல கறுப்பு, நல்ல உயரம், குரலும் அதற்குத் தகுந்த மாதிரி.

“எங்க தங்கச்சி, பொடவ எப்படி வந்துக்கினு இருக்குது? எங்க வூட்டுக்காரி தெனம் நச்சரிக்கிறா. கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுன்றா.”

“வாங்கண்ணா” என்ற கமலாட்சியின் கண் வீங்கியிருந்தது. அவர் என்னம்மா என்று கேட்டார். அவ்வளவுதான், முயல் கதையைப் பொழிந்து தள்ளிவிட்டாள். தணிகாசலம் வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். நெஞ்சுமயிர் பிடுங்கிய இடம் வந்தபோது மட்டும் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் வேணுகோபால் தறியில் இறங்கி உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்தில் தரை பொதுக்கென்று உள்வாங்கிற்று. “அய்யய்யோ!” என்று எகிறி மேலே வந்து விழுந்தான்.

தணிகாசலம் குனிந்து பார்த்தார். குழியின் மண்சுவரில், மிதிக்குப் பின்பக்கமாக, புதுமண் அடைத்த ஒரு வட்டம். அடியில் ஒரு சின்ன மண்குவியல்.

“நான் எலின்னு நெனச்சேன்” என்றான் வேணுகோபால்.

“எலி இவ்ளோ அழகா கதவு சாத்திக்கினு போவாது தம்பி.” தணிகாசலம் குழியில் இறங்கி, மண்ணை விரல் நுனியால் துளி விலக்கினார். வெள்ளை மயிர் ஒரு கொத்து ஒட்டிக்கொண்டு வந்தது. காதைத் தரையில் வைத்தார். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. “அடி தங்கச்சி, உன் மொசலு எங்கியும் போவல. எங்க ஊர்ல வளக்கற வூட்ல எத்தினியோ பாத்துருக்கேன். வயித்துப்புள்ளக்காரி மயிரப் பிடுங்கி மெத்த போடும். குட்டி போட்டுட்டு மண்ணத் தள்ளி மூடிட்டு வெளிய போயிடும். பால் குடுக்க மட்டும் வரும். உள்ள உசுரு நெளியுது. வந்து கேளு.”

கமலாட்சி குழிக்குள் குதித்தாள். குதித்தாளா விழுந்தாளா என்று அவளுக்கே தெரியாது. காதை வைத்தாள். கிர்ர், கிர்ர் என்று மண்ணுக்குள் எதுவோ முனகிற்று.

“பெத்துட்டாங்க! மொக்கு பெத்துட்டா!” என்று அலறினாள். “ரெண்டும் பொட்டைன்னு சத்தியம் பண்ணானே, அந்தக் கட்டையில போறவன்!” சட்டென்று மூலையில் இருந்த கரையைத் திரும்பிப் பார்த்தாள். “அடப் பாவி! நீயாடா?” கரை கண்ணைக் கூட இமைக்காமல் மென்றுகொண்டிருந்தது.

அவள் போட்ட சத்தத்துக்குத் தெருவே வாசலில் கூடிவிட்டது. சிரிப்பும் கும்மாளமும் கொஞ்ச நேரம். பிறகு வேணுகோபால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வளை ஓடியிருப்பது அவன் உட்காருகிற தரைக்கு நேர் கீழே. அவன் உட்கார்ந்து மிதித்தால் மண் சரிந்து குட்டிகள் மேல் விழும். மிதிக்காவிட்டால் முகூர்த்தப் புடவை?

“குட்டிய எடுத்து ஒரு பொட்டியில வெச்சிடுங்களேன்” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

“தொடாதீங்க!” என்றார் தணிகாசலம். “கண்ணு தொறக்கறதுக்குள்ள மனுசக் கை வாசன பட்டா தாய் சேத்துக்காதுன்னுவாங்க. தின்னுகூடப் போட்டுடுமாம்.”

“அப்ப உங்க பொடவ?” என்று கேட்டான் வேணுகோபால்.

தணிகாசலம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தப் பெரிய மனுஷன் முகம் இத்தனை சின்னதாகி யாரும் பார்த்ததில்லை. “எனக்குப் பொடவ வேணும்பா. ஒரே பொண்ணு. காஞ்சிபுரத்துப் பட்டு கட்டித்தான் மணையில குந்தணும்னு வாக்கு குடுத்துட்டேன். ஆனா, பெத்தவ புள்ளைங்க தலமேல குந்திக்கினு நெய்த பொடவைய என் பொண்ணு கட்டிக்கினு நல்லா இருப்பாளா? அதையும் சொல்லு.”

கமலாட்சி குழிக்குள்ளேயே, வளைக்கு முன்னால் காலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது கை வைத்தால் கடித்துவிடுவாள் போல இருந்தது. ஒரு பக்கம் மொக்கின் பிள்ளைகள். ஒரு பக்கம் பெரியநாயகி. இரண்டில் எதையும் விட அவளால் முடியவில்லை.

“இன்னாடா கூட்டம்?”

பஞ்சாட்சரத்தின் குரல். வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் தெருவில் நின்றபடியே கழுத்தை நீட்டிக் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் கமலாட்சியின் மூளையில் பளிச்சென்று ஒன்று தோன்றிற்று. குழியிலிருந்தே கத்தினாள்.

“மாமா! ஒரு சந்தேகம். ஒரு வூட்ல பிரசவம் ஆனா தறிய மிதிக்கலாமா?”

அவளோடு பேசக் கூடாதுதான். ஆனால் சாத்திரம் கேட்டால் பஞ்சாட்சரத்தால் சும்மா இருக்க முடியாது. வாசல் கதவைப் பார்த்துச் சொன்னார். “மிதிக்கக் கூடாது. பதினோராம் நாள் புண்ணியதானம் பண்ணித் தண்ணி தெளிச்சப்புறம்தான் தறியில எறங்கணும். இதுகூடத் தெரியாதா?”

“தறிக்குழியிலயே ஆயிட்டா?”

“எந்த மடச்சி தறிக்குழியில போயிப் பெப்பா?”

“நம்ம மொக்குதான் மாமா.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பஞ்சாட்சரத்தின் முகம் சிவந்தது. யாரோ ஒருவன் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “மிருகத்துக்கு ஏதுபா தீட்டு?” என்றான். அவன் மட்டும் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ! பஞ்சாட்சரம் அவன் பக்கம் திரும்பினார்.

“டேய், உனக்கு இன்னாடா தெரியும்? பசு கன்னு போட்டா பத்து நாள் பால சாமிக்கு விடுவியா? மாட்ட இல்ல? பசு மிருகம் இல்லியா? தறிக்குழி அம்மன் குடியிருக்கிற எடம்டா. அங்க எது பெத்தாலும் பெத்ததுதான். தீட்டு தீட்டுதான். வேணு, நீ அதுல எறங்கக் கூடாது.”

“சொல்லிட்டீங்க இல்ல மாமா? அப்பால மாத்திப் பேசக் கூடாது!” என்று கமலாட்சி கைகொட்டினாள். தான் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“தீட்டு சரி, பெரியவரே. எம்பொண்ணு பொடவ?” என்று தணிகாசலம் வாசலுக்கு வந்து கைகூப்பினார்.

எதிர்வாசலிலிருந்து ஜெயம்மாள்தான் சொன்னாள். “நம்ம தறி சும்மாதான கெடக்குது.”

“உன்ன யாராவது கேட்டாங்களா?” என்று பஞ்சாட்சரம் திரும்பி அதட்டினார். பிறகு தரையைப் பார்த்தார். தணிகாசலத்தின் கூப்பிய கையைப் பார்த்தார். அந்தக் கை இறங்கவே இல்லை. விபூதியைத் தொட்டுக்கொண்டு, “உன் பொடவ அச்சு என் தறிக்குச் சேருமாடா?” என்று வேணுகோபாலைக் கேட்டார்.

“சேரும்ணா.”

“அவ எங்க வூட்டுக்குள்ள வரக் கூடாது.”

“அவ கை இல்லாம கரை சேராதே அண்ணா. பாதிப் பொடவ ஒரு கை, மீதி இன்னொரு கைன்னா கோடு தெரிஞ்சிடும்.”

அது பஞ்சாட்சரத்துக்கும் தெரியும். பல்லைக் கடித்தார். “வரட்டும். ஆனா வாயத் தொறக்கக் கூடாது.”

“தொறக்கல மாமா! சத்தியமா தொறக்கல! நீங்க நல்லா இருக்கணும். உங்க தறி நல்லா இருக்கணும். ஜெயம்மாக்கா நல்லா...”

“பாத்தியா, பாத்தியா!” என்றார் அவர்.

பாதி நெய்த புடவையைத் தறி மாற்றுவது விளையாட்டு இல்லை. வீடு மாறுகிற நெசவாளிதான் அப்படிச் செய்வான். அதுவும் நல்லநாள் பார்த்துச் செய்வான். நெய்த பாகம் சுற்றிய படமரத்தைக் கழற்ற வேண்டும். இழைகளைப் பிரித்துப் பிடிக்கிற அச்சையும் விழுதையும் நூலோடு அப்படியே தூக்க வேண்டும். மீதிப் பாவைச் சுருட்டித் தொய்யாமல் பிடித்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். ஒரு இழை சிக்கினாலும் போச்சு. நல்லவேளை, உடலில் புட்டா வேலை எதுவும் இல்லை.

படமரத்தை வேணுகோபால் தோளில் ஏந்தினான். சுருட்டிய பாவைத் தணிகாசலமும் இன்னொருவரும் பிடித்தார்கள். அச்சுதான் உயிர்நிலை. அதை யார் பிடிப்பது என்று கேள்வி வருவதற்குள் பஞ்சாட்சரம் வாசலில் கையை நீட்டிவிட்டார். அவர் கை அச்சைப் பிடித்த விதத்தைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தையைக் கூட அப்படிப் பிடித்திருக்கமாட்டார். நூலுக்கு அடியில் பெண்கள் கையை விரித்துத் தாங்கிக்கொண்டு நடந்தார்கள். கமலாட்சி முன்னால் பின்னால் ஓடினாள். “அக்கா தாழ்த்தாத! அண்ணா, மெதுவா! தோ கல்லு, கல்லு!” வாயைத் திறக்கக் கூடாது என்றது அவர் வீட்டுக்குள் போன பிறகுதானே!

நடுத்தெருவுக்கு வந்தபோது சடசடவென்று மழைத்துளி விழுந்தது. காலையிலிருந்தே மூட்டம் போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நெய்து முடியாத பட்டு நனைந்தால் அவ்வளவுதான். எல்லோரும் “ஐயோ” என்றார்கள். யாராலும் ஓட முடியவில்லை. ஓடினால் நூல் அறும். பாய் கொண்டா, சமக்காளம் கொண்டா என்று ஆளுக்கொரு கூச்சல்.

“கோயில் கொடைய எடுத்தாடா!” என்று பஞ்சாட்சரம் கத்தினார். “சாவி என் இடுப்புல, உருவிக்கினு ஓடு!”

“மாமா, அது சாமிக்கு மட்டும்னு நீங்கதான...” என்றான் ஒருவன்.

“மொகூர்த்தப் பொடவையும் சாமிதான்டா! ஓடுறா!”

குடை வந்தது. வெள்ளைப் பட்டுக் குடை, குஞ்சலம் ஆடுகிற குடை. பிள்ளையார் புறப்பாட்டுக்கு மட்டும் விரிகிற அது, கூரத்துப் பெண்ணின் மாம்பழ மஞ்சளுக்கு மேலே விரிந்தது. தூரத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரன் வண்டியை நிறுத்தி, என்ன சாமி என்று தெரியாமலே இறங்கிக் கும்பிட்டான். கமலாட்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடி மொக்கு, உன்னால தெருவுல தேர் ஓடுதுடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு இழை அறாமல் புடவை அக்கரை சேர்ந்தது.

அன்று சாயங்காலம் விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து மொக்கு சாவகாசமாக வந்தது. ஊரைக் கலக்கிவிட்டோம் என்ற எண்ணமே அதற்கு இல்லை. குழியில் இறங்கி, மண்ணைத் தள்ளி, உள்ளே போய், பால் கொடுத்துவிட்டு வந்து, மறுபடியும் மூடிவிட்டு அவள் கையிலிருந்த அருகம்புல்லைத் தின்றது. கமலாட்சி அதன் நெற்றியில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

எதிர்வீட்டில் நெசவு நடந்தது. வாயைத் திறக்காமல் நாடா தள்ளுவது கமலாட்சிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி. பஞ்சாட்சரம் பக்கத்துத் தூணில் சாய்ந்து கண்ணை மூடித் தேவாரம் முணுமுணுப்பார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தூணைப் பார்த்து அவர் கேட்டது அவள் காதில் விழுந்தது. “பால் குடுக்குதாமா?” ஜெயம்மாள் பதில் சொல்வதற்குள் கமலாட்சி, “ரெண்டு வேளையும் மாமா!” என்றாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை, திட்டவும் இல்லை.

புடவை நாளுக்கு முடிந்தது. தணிகாசலம் அதைத் தலையில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது; தெருவே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கூரம் போய்ச் சாப்பிட்டு வந்தது.

பதினோராம் நாள். பித்தளைச் சொம்பில் புண்ணியதானத் தண்ணீரும் மாவிலையுமாகப் பஞ்சாட்சரம் கமலாட்சியின் வாசலுக்கு வந்து நின்றார். வாசப்படியைப் பார்த்தார். “சாமி காரியம்” என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வைத்தார். பின்னாலேயே ஜெயம்மாளும் தெருவில் பாதிப்பேரும் உள்ளே வந்தார்கள்.

மாவிலையால் தண்ணீரைத் தொட்டுக் குழியில் தெளித்தார். இரண்டு நாளாய் மொக்கு வளையை முழுதாக மூடுவதில்லை. தண்ணீர் பட்டதோ ஆள் அரவமோ, அந்தத் துவாரத்திலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு தலை. அப்போதுதான் திறந்த கண். காது சின்னதாக, கறுப்பாக. அது தட்டுத்தடுமாறி வெளியே உருண்டது. கழுத்தில் மாலை போட்ட மாதிரி ஒரு நூல் சுற்றிக்கொண்டிருந்தது.

சிவப்பு நூல்.

வேணுகோபால் குனிந்து, துவாரத்தின் வாயிலிருந்து மெத்தையை ஒரு பிடி இழுத்தான். வெள்ளை மயிரும் அரக்குப் பட்டும் பின்னிப் பிணைந்து வந்தன. அதற்கு நடுவில் நெய்தாற்போல இன்னும் நாலைந்து குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தன. கஞ்சி ருசிக்கு வந்தது என்று சொன்ன வாய்களெல்லாம் மூடிக்கொண்டன.

“கஞ்சிக்கு வரல மாமா” என்றாள் கமலாட்சி. “புள்ளைங்களுக்குப் படுக்க தேடிக்கினு வந்துருக்கா.”

பஞ்சாட்சரம் நூலை வாங்கினார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். “என் அரக்குதான்” என்றார். இன்னும் ஒருமுறை தேய்த்தார். “ஈரத்துல கெடந்தும் சாயம் போவல பாரு.” அவர் கண்ணில் எதுவோ பளபளத்தது. இனி என்ன கத்தப்போகிறாரோ என்று வேணுகோபால் ஒரு அடி முன்னால் வந்து நின்றுகொண்டான்.

அவர் குனிந்து அந்தக் கறுப்புக் காதுக் குட்டியை எடுத்து மேல்துண்டில் வைத்துக்கொண்டார்.

“என் பாவுல பொறந்து, என் பட்டுல படுத்து, என் தண்ணியில தீட்டுக் கழிஞ்சதுங்க” என்றார். “அப்ப இதுங்க யார் வூட்டுப் புள்ளைங்க?”

“இன்னாது!” கமலாட்சி இடுப்பில் கை வைத்தாள். “பெத்தது என் மொக்கு. பெத்தது என் குழியில. நல்லா இருக்குதே உங்க நாயம்! மாமா, கீழ வைங்க!”

அவர் வைக்கவில்லை. குட்டியைத் துண்டில் மூடி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்து நடந்தார். கமலாட்சி பின்னாலேயே போனாள். “கண்ணு தொறந்து முழுசா ரெண்டு நாள் ஆவல! பால் மறக்கட்டும் மாமா! இவ்ளோ சாத்திரம் பேசுறீங்க, தாய்கிட்டருந்து பிரிக்கலாமான்னு எந்தச் சாத்திரத்துல இருக்குது?”

சாத்திரம் என்றதும் அவர் கால் நின்றது. தன் வாசப்படியில் நின்று யோசித்தார். பிறகு திரும்பினார். தூணைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்தார். துண்டோடு குட்டியை அவள் கையில் கொடுத்தார்.

“பால் மறக்கற வரைக்கும்தான் உங்கிட்ட. தெரியுதா கமலாட்சி? நாளைக்கிக் காத்தால என் புதுப்பாவு போடறோம். வந்து கை குடு. கதவ மட்டும் சாத்திட்டு வா.” உள்ளே போகப் போனவர், இடுப்பிலிருந்த கோயில் சாவியைத் தடவிக்கொண்டே நின்றார். “போவும்போது பிள்ளையார் கோயில்ல குருக்கள்கிட்ட அருகம்புல் மாலை வாங்கிக்கினு போ. இன்னிக்கிச் சாத்துனதையே எடுத்துக்கோ. பெத்தவளுக்குக் களைஞ்சதைப் போடாத.”

“ஒரு மாலை எந்த மூலைக்கு மாமா?” என்றாள் கமலாட்சி. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. “ரெண்டாக் குடுக்கச் சொல்லுங்க.”